போர்க்கால காமிக்ஸ்ல மந்திரம் உள்ள வந்தா உளவு செத்துப்போகுது, என்ன பண்ணலாம்?

மணல்கோடு:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, முழுசா படிச்சுட்டு சொல்லுங்க. ரெண்டு வருஷமா சொந்தமா ஒரு காமிக்ஸ் வரைஞ்சுட்டு இருக்கேன், 46 பக்கம் பென்சில் முடிஞ்சுது, அதுல 20 பக்கத்துக்கு இங்க் போட்டாச்சு. கதை 1942ல, எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவுல இருக்கிற மணல் கடல்ல நடக்குது. ஹெரோடோட்டஸ் சொல்ற பழங்கதை ஒண்ணு இருக்குல்ல, பாரசீக ராஜா கேம்பைசஸ் 50,000 பேர அம்மோன் கோயில் இருந்த சீவா பாலைவனச்சோலைய அழிக்க அனுப்பினான், அவங்க பாதி வழில ராத்திரி தூங்கும்போது மணல் புயல் வந்து மொத்தப் படையும் புதைஞ்சுடுச்சு, ஒருத்தர் கூட திரும்பலன்னு, அந்தப் படைய எழுப்புற மந்திரம் எழுதின பாப்பிரஸ் சுருளத் தேடி ஜெர்மன்காரங்க வர்றாங்க. தடுக்கிறது என் ஹீரோயின். கெய்ரோவுல வயர்லெஸ் செட் முன்னாடி உட்கார்ந்து சங்கேதச் செய்தி எடுக்கிற பொண்ணு, அங்கேருந்து அப்படியே உளவு வேலைக்குள்ள இழுக்கப்படுறா.

பிரச்சனை 31வது பக்கத்துல. அதுக்கு முன்னாடி 12 பக்கம் அவ உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு தகவல கடத்திட்டு வர்றா, லாரிக்கு அடியில ஒளியுறா, ஒரு ஆள் அவளுக்காக சாகுறான். 31ல வில்லன் பக்கத்து மந்திரவாதி ஒரு கிண்ணத்துத் தண்ணியில பார்த்து அதே தகவல மூணு பேனல்ல தெரிஞ்சுக்கிறான். என் தங்கச்சி படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு தான் கேட்டா, "அப்ப இவ எதுக்கு அவ்ளோ கஷ்டப்பட்டா?" அன்னையிலேர்ந்து பென்சில் நகரல. நாலு மாசம் ஆச்சு.

மந்திரத்த எடுத்துட்டா வெறும் போர்க்கதை ஆயிடும், எனக்கு அந்தப் புதைஞ்ச படை வேணும், சின்ன வயசுலேர்ந்து மனசுல இருக்கிற படம் அது. உளவ எடுத்தா ஹீரோயினே இல்ல. பழைய போர்க்கால சாகச காமிக்ஸ்ல எல்லாம் இத எப்படி சமாளிச்சாங்க? ரெண்டாவது ஒரு சந்தேகமும் இருக்கு, நிஜமா லட்சக்கணக்குல செத்த ஒரு போருக்குள்ள சூனியக்காரன், மந்திரச் சுருள்னு நுழைக்கிறது சரிதானா. இதையும் உண்மையா தான் கேக்கறேன்.


பழையஅட்டை:

தம்பி, உங்க தங்கச்சி கேட்ட கேள்வி சாதாரண கேள்வி இல்ல, 1940லேர்ந்து இத வரைஞ்ச அத்தனை பேரையும் துரத்தின கேள்வி. 1940 பிப்ரவரில லுக் பத்திரிகைல சூப்பர்மேன் போர முடிச்சா எப்படி இருக்கும்னு ரெண்டு பக்கம் போட்டாங்க. பறந்து போறார், ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிட்டு வந்து ஜெனிவாவுல சர்வதேச சங்கத்து முன்னாடி நிறுத்துறார், ரெண்டே பக்கத்துல போர் ஓவர். அதுக்கு மேல கதை எழுத என்ன இருக்கு? அப்புறம் அமெரிக்கா நிஜமாவே போருக்குள்ள போனதும் இன்னும் கஷ்டமாச்சு, படிக்கிற பையனோட அப்பா கப்பல்ல போறார், சூப்பர்மேன் ஏன் போகல? 1942ல நாளிதழ் ஸ்ட்ரிப்ல க்ளார்க் கென்ட் ராணுவத்துல சேர போறார், கண் பரிசோதனைல அவசரத்துல எக்ஸ்ரே பார்வை சுவத்தத் தாண்டி பக்கத்து ரூம்ல மாட்டியிருக்கிற எழுத்து அட்டையப் படிச்சுடுது, தகுதியில்லன்னு திருப்பி அனுப்பிடறாங்க. அந்தக் காலத்து காமிக்ஸ்ல உள்நாட்டு ஒற்றன், நாசவேலைக்காரன், துறைமுகத்துல குண்டு வைக்கிறவன்னு இவ்வளவு வந்ததுக்கு இது ஒரு பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். போர்முனைல என்ன நடக்குதுன்னு மறுநாள் பேப்பர்ல வந்துடும், அத ஹீரோவால மாத்த முடியாது, ஆனா யாருக்கும் தெரியாம நடக்கிற உளவுச் சண்டைல அவர் என்ன வேணா பண்ணலாம், அது ஏன் பேப்பர்ல வரலன்னு எவனும் கேக்க மாட்டான். உளவும் சூப்பர் ஹீரோவும் அப்படித்தான் ஒட்டிக்கிட்டாங்க.

ஆனா மந்திரம், புராணம், உளவு மூணையும் சரியா கோத்தது என் கணக்குல வொண்டர் வுமன் தான். 1941 கடைசில முதல்ல வந்தா, எழுதினவர் வில்லியம் மார்ஸ்டன், மனோதத்துவம் படிச்சவர், ரத்த அழுத்தத்த வச்சு பொய்யக் கண்டுபிடிக்கிற சோதனைய உருவாக்கினவர். கிரேக்கப் புராணத்துல வர்ற அமேசான்ங்கிற போர்வீராங்கனைக் கூட்டத்துப் பொண்ணு, வேஷம் மாத்திக்கிட்டு ராணுவ உளவுத்துறைல டயானா பிரின்ஸ்னு செக்ரட்டரி வேலை பாக்குறா. அவ கையில இருக்கிற மந்திரக் கயிறால யாரக் கட்டினாலும் சொன்னபடி கேட்டே ஆகணும், உண்மையக் கேட்டா உண்மையச் சொல்லியே ஆகணும். இத நல்லா பாருங்க, அந்த மந்திரம் உளவுக்குப் பதிலா வர்ற மந்திரம் இல்ல, யாரப் பிடிக்கணும்னு மொதல்ல அவ கண்டுபிடிக்கணும், போய்ச் சேரணும், கயித்த மாட்டணும், என்ன கேக்கணும்னு தெரியணும். அது முடிஞ்சப்புறம் தான் கயிறு வேலை செய்யும். அதோட அவ காப்பு ரெண்டையும் ஒரு ஆண் சங்கிலியால பிணைச்சுட்டா சக்தி போயிடும், புராணமே ஒரு ஓட்டையோட தான் வருது. வில்லன் பக்கமும் பாருங்க, போர்க் கடவுள் மார்ஸுக்குக் கீழ வஞ்சகப் பிரபுன்னு ஒருத்தன், பொய்த் தோற்றம் பரப்புறது தான் அவன் வேலை. 1942லயே பொய்ப்பிரச்சாரத்துக்கு ஒரு தேவதை உருவம் குடுத்துட்டாங்க. எனக்கு இது இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கு.

இன்னொரு வழி பின்னாடி வந்தது. 1981ல ஆரம்பிச்ச ஆல் ஸ்டார் ஸ்குவாட்ரன் காமிக்ஸ்ல, ஹிட்லர் கையில விதியின் ஈட்டி, அதாவது இயேசுவக் குத்தினதா சொல்ற ஈட்டி இருக்கு, மந்திர சக்தி உள்ளவனோ மந்திரத்துக்குப் பலவீனமானவனோ அவன் எல்லைக்குள்ள காலு வச்சா அவனுக்கு அடிமையாயிடுவான், அதான் எந்த ஹீரோவும் பெர்லின் போகலன்னு காரணம் சொன்னாங்க. கெட்டிக்காரத்தனமான தீர்வு தான், ஆனா அது வேலி போடுற தீர்வு, கதைக்குள்ளேர்ந்து முளைச்சது இல்ல. உங்க கிண்ணத்துத் தண்ணிக்கும் இப்படி ஒரு வேலி போட்டுடாதீங்க, படிக்கிறவனுக்கு ஒட்டு தெரிஞ்சுடும். கிண்ணமே வேண்டாம்.


மின்னல்வாசகி:

நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன். மந்திரத்த சின்னதாக்கி சின்னதாக்கி கடைசில அது ஒரு டார்ச் லைட் மாதிரி ஆயிடும். 50,000 பேர் மணலுக்கு அடியிலேர்ந்து எழுந்திருக்கிறது தானே அந்தக் கதையோட உயிரே, அத ரெட்டைப் பக்கத்துல பார்க்கணும்னு தான் நான் காசு குடுத்து வாங்குவேன்! விஸ் காமிக்ஸோட முதல் இதழ எடுத்துக்கோங்க, 1940. அதுல ஷசாம்னு ஒரு சொல் சொன்னா சாலமன் அறிவும் ஹெர்குலிஸ் பலமும் வர்ற பையன் இருக்கான், பழைய எகிப்து இளவரசன் மந்திரக்கோலோட எழுந்து வர்ற ஐபிஸ் இருக்கான், ஸ்பை ஸ்மாஷர்னு ஒற்றர்கள அடிக்கிற ஆளும் இருக்கான், மூணு பேரும் ஒரே இதழ்ல ஆனா தனித்தனிக் கதையில. அந்த மூணு கதைக்கும் நடுவுல இருக்கிற சுவரத் தான் மணல்கோடு உடைக்கப் பாக்குறாங்க, அதுக்கே ஒரு கை தட்டணும்.

என் யோசனை ஒண்ணு தான், மந்திரம் பெருசா இருக்கட்டும், ஆனா அது எந்தப் பக்கத்துக்கும் அடங்கக் கூடாது. எழுந்த படை ஜெர்மன்காரனுக்கும் சலாம் போடாது பிரிட்டிஷ்காரனுக்கும் போடாது, அவங்க ராஜா செத்து 2,400 வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப யாரு அத எழுப்பப் போறான்ங்கிறத முன்கூட்டியே தெரிஞ்சு தடுக்கிறதுக்கு உளவு வேணும்ல? உங்க பொண்ணுக்கு வேலை வந்துடுச்சு.


திசைகாட்டி:

மணல்கோடு ப்ரோ, முதல்ல ஒரு சின்ன திருத்தம். ஹெரோடோட்டஸ் ராத்திரின்னு சொல்லல. படை தீப்ஸ்லேர்ந்து கிளம்பி ஏழு நாள் நடந்து ஒரு சோலைக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் மணல் வழியா போறப்ப பாதி வழில பகல் சாப்பாட்டுல உட்கார்ந்திருக்காங்க, அப்ப தெற்கேர்ந்து பெரிய காத்து அடிச்சு மணல் மேடு மேடா வந்து மூடிடுச்சுன்னு தான் இருக்கு. அதையும் அம்மோன் பக்கத்து ஆளுங்க சொல்றாங்கன்னு தான் அவர் எழுதுறார், நடந்ததுன்னு அடிச்சு சொல்லல. தூங்குறவங்க புதையுறத விட சாப்பிட்டுட்டு இருக்கிறவங்க புதையுறது வரையறதுக்கு எவ்வளவு நல்லா இருக்கும்னு யோசிங்க, கையில பாதி ரொட்டியோட ஒரு எலும்புக்கூடு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீங்க தேர்ந்தெடுத்த இடமும் வருஷமும் தங்கம், மந்திரவாதியக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி அங்க நிஜமா என்ன நடந்துச்சுன்னு பாருங்க, பாதிக் கதைய சரித்திரமே எழுதி வச்சிருக்கு. 1930கள்ல இந்தப் பாலைவனத்துல ஒரு கூட்டம் கார எடுத்துக்கிட்டு சுத்திட்டு இருந்தாங்க, செர்சூரான்னு ஒரு மறைஞ்ச சோலையத் தேடி. பழைய அரபு புதையல் நூல்ல வர்ற ஊர் அது, புறா மாதிரி வெள்ளை நகரம், வாசக்கதவுல செதுக்கின பறவையோட அலகுல சாவி, உள்ள தூங்கிட்டு இருக்கிற ராஜா ராணி. ரால்ஃப் பேக்னால்டும் நண்பர்களும் 1930ல வாதி ஹல்ஃபாவுல செர்சூரா கிளப்னு ஒண்ணு கூட ஆரம்பிச்சாங்க. அதே தேடல்ல இருந்த இன்னொருத்தர் ஹங்கேரிக்காரர் லாஸ்லோ அல்மாஷி, 1933ல நீச்சல்காரர் குகைன்னு இப்ப சொல்ற பாறை ஓவியங்கள கண்டுபிடிச்சவர். போர் வந்துச்சு. பேக்னால்ட் 1940ல பிரிட்டனுக்காக பாலைவன தொலைதூர ரோந்துப் படைய ஆரம்பிச்சார், அவர் கூட்டாளி கென்னடி ஷா, தொல்லியல் ஆள், அந்தப் படைக்கு உளவு அதிகாரியானார். அல்மாஷி ஜெர்மன் உளவுத்துறைக்குப் போனார், 1942 மே மாசம் ரெண்டு ஒற்றர்கள கார்ல வச்சு லிபியாவுலேர்ந்து பாலைவனம் முழுக்கக் குறுக்கே கடந்து நைல் கரைல அஸ்யூத் வரைக்கும் கொண்டு போய் விட்டார். ஒரே பழங்கதையத் தேடினவங்க, ஒரே மேப்ப வச்சுக்கிட்டு, எதிரெதிர் பக்கம். அந்த ரெண்டு ஒற்றர்களும் கெய்ரோவுல நைல் மேல ஒரு படகு வீட்டுல தங்கினாங்க, சங்கேதத்துக்கு அவங்க வச்சிருந்தது ஒரு ஆங்கில நாவல், பக்கம், வரி, எழுத்துன்னு அதுலேர்ந்து எடுக்கிறது. அந்த வருஷம் ஜூலைல ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டாங்க.

இன்னொண்ணு சொல்லாம விட முடியல. 1942 மார்ச்லேர்ந்து ஜூலை வரைக்கும் அந்த ரோந்துப் படை ஆளுங்க கடலோர ரோட்டுப் பக்கத்துல, ரோட்டுலேர்ந்து சில நூறு கெஜத்துல படுத்துக்கிட்டு, போற வர்ற ஒவ்வொரு லாரியையும் டாங்கியையும் ராப்பகலா எண்ணி எழுதினாங்க. சுடறது கிடையாது, அசையக் கூடாது, எண்ணணும். அந்தக் கணக்கு வயர்லெஸ்ல போய்ச் சேர்ந்தது எங்கன்னு நினைக்கிறீங்க? கெய்ரோ. உங்க பொண்ணு உட்கார்ந்திருக்கிற இடம்! அவங்க படுத்திருந்தது ஒரு பெரிய இத்தாலிய வளைவுலேர்ந்து அஞ்சாறு மைல்ல, முசோலினி காலத்துல 1937ல திறந்தது. அந்த வளைவு யாருக்குன்னா, ஃபிலேனி சகோதரர்களுக்கு. கார்த்தேஜ், சிரீன்னு ரெண்டு பழைய வட ஆப்பிரிக்க நகர அரசுகளுக்கு எல்லைத் தகராறு, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஆளுங்க ஓடி வரட்டும், சந்திக்கிற இடம் எல்லைன்னு ஒப்பந்தம், கார்த்தேஜ் பக்கத்து அண்ணன் தம்பி ரொம்ப தூரம் வந்துட்டாங்க, ஏமாத்திட்டீங்கன்னு சண்டை, இந்த இடத்துலயே உயிரோட புதைக்கச் சம்மதம்னா எல்லை இதுதான்னு சொல்ல, அவங்க ஒத்துக்கிட்டு புதைஞ்சாங்க. மண்ணுக்காக உயிரோட புதைஞ்ச ரெண்டு பேரோட கதைக்குப் பக்கத்துல, மண்ணோட மண்ணா படுத்துக்கிட்டு லாரி எண்ணுற ரெண்டு பேர். நான் இத வரையத் தெரிஞ்சவனா இருந்தா மந்திரவாதியத் தேடவே மாட்டேன்.

மணல் பாடுறது பத்தியும் சொல்லணும். அங்க சில மேடுகள் நிஜமாவே உறுமும், பேச்சுக் குரலையே அமுக்குற அளவுக்கு. பேக்னால்டே கேட்டு எழுதியிருக்கார், மணல் சரியும்போது துகள்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து அதிருற சத்தம். உங்க படை எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி இந்தச் சத்தம் போதும்.


கரிக்கோல்:

ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். நுழைக்கலாம், ஆனா எத நுழைக்கிறோம்னு தெரிஞ்சு நுழைக்கணும். நாஜி மாந்திரீகம்னு வந்தாலே எல்லாரும் கறுப்பு அங்கி, பாதாளக் கோட்டை, பச்சை வெளிச்சம்னு வரைஞ்சுடறாங்க, பார்க்க அழகாவும் இருக்கும், அது தான் ஆபத்து. நாஜி எஸ்எஸ் படைத் தலைவன் ஹிம்லர் 1935ல ஆரம்பிச்ச ஆனனெர்பேன்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் நிஜமா இருந்துச்சு, ஆரிய மூதாதையர், பழங்குறி எழுத்து, புராணம் இதெல்லாம் தான் அவங்க வேலை. 1938, 39ல எர்ன்ஸ்ட் ஷேஃபர் தலைமைல திபெத் போன குழுவுல ஹிம்லரோட ஆதரவும் இருந்துச்சு, அதுல புரூனோ பேகர்னு ஒருத்தன் திபெத்து மக்களோட மண்டை அளவ எடுத்துட்டு வந்தான். அதே ஆள் பின்னாடி ஆஷ்விட்ஸ் முகாம்ல கொல்றதுக்கு ஆளுங்களப் பொறுக்கினான். ஸ்ட்ராஸ்பர்க்ல எலும்புக்கூடு சேகரிப்பு ஒண்ணு அமைக்கிறதுக்காக 86 யூதர்கள 1943ல நாட்ஸ்வைலர் முகாம்ல விஷவாயு வச்சு கொன்னாங்க. நிறுவனத்தோட நிர்வாகி சீவர்ஸ 1948ல தூக்குல போட்டாங்க. பழங்கதை ஆராய்ச்சின்னு தொடங்கின ஃபைல் அங்க போய்த் தான் முடிஞ்சுது. அந்தக் கொலைய எந்தப் பேயும் செய்யல, லெட்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரயில்ல ஏத்தி ஆளுங்க செஞ்சாங்க. உங்க கதைல ஒரு சூனியக்காரன் தான் தீமைக்கெல்லாம் காரணம்னு ஆச்சுன்னா அந்த ஆளுங்க எல்லாம் தப்பிச்சுடறாங்க. மந்திரம் இருக்கட்டும், குற்றம் மனுஷன் மேலயே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இது எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கிறது. 1940கள் காமிக்ஸ்ல நல்ல கோடு, நல்ல வேகம் எல்லாம் இருந்தும் ஜப்பானியர்கள கோரைப்பல்லோட மஞ்சப் பூதமா வரைஞ்சு வச்சிருக்காங்க, கிழக்குத்தேசத்து ஆள்னா ஒண்ணு சூனியக்காரன் இல்லன்னா வேலைக்காரன். அந்தப் பழக்கம் நம்ம பென்சில்லயும் தெரியாம வந்துடும். உங்க 46 பக்கத்துல அந்தப் பாலைவனத்து ஆளுங்க எத்தனை பேர் பேசுறாங்க? சீவாவுல பெர்பர் மொழி பேசுற மக்கள் இருந்தாங்க, இருக்காங்க. லிபியா பக்கம் இத்தாலிக்காரங்க 1930லேர்ந்து 33 வரைக்கும் சிரெனைக்கா, அதாவது கிழக்கு லிபியா மக்கள முகாம்ல அடைச்சு ஆயிரக்கணக்குல சாக விட்டாங்க, அவங்கள எதிர்த்துப் போராடின தலைவர் ஒமர் முக்தார 1931ல 70 வயசுக்கு மேல தூக்குல போட்டாங்க. 1942ல செனூசின்னு அந்தப் பக்கத்து இஸ்லாமிய சமய இயக்கத்த சேர்ந்த ஒரு ஆள் பிரிட்டிஷ் ரோந்துக்காரனுக்கு தண்ணி காட்டுறான்னா அதுக்குப் பின்னாடி இவ்வளவு கதை இருக்கு, வழிகாட்டின்னு ஒரு பேனல்ல வந்துட்டுப் போற ஆள் கிடையாது அவன். அந்தப் படை புதைஞ்ச கதைய ஹெரோடோட்டஸுக்குச் சொன்னதே சீவா பக்கத்து ஊர்க் கதை தானே.


மணல்கோடு:

கரிக்கோல், ரொம்ப நன்றி. எண்ணிப் பார்த்தேன், என் 46 பக்கத்துல சீவா ஆள் ஒருத்தர் பேசுறார், ஒரே பலூன், "அந்தப் பக்கம் போகாதீங்க". எனக்கு வெட்கமா போச்சு. திசைகாட்டி ப்ரோ, அந்த வளைவுக் கதைய படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல.

இப்ப எனக்கு இன்னும் ஒரு முடிச்சு இருக்கு, மந்திரம் பலிக்கிற மாதிரி வைக்கிறதா, பலிக்குதுன்னு ஆளுங்க நம்புற மாதிரி மட்டும் வைக்கிறதா?


பழையஅட்டை:

நம்பிக்கையே போதும்ங்கிறதுக்கு நிஜத்துலயே சாட்சி இருக்கு தம்பி. 1941 நவம்பர்ல பிரிட்டனோட பார்ஹாம் போர்க்கப்பல் மூழ்கி 860 பேருக்கு மேல செத்தாங்க, அரசாங்கம் வெளிய சொல்லாம மறைச்சு வச்சிருந்துச்சு. அந்த சமயம் ஹெலன் டங்கன்னு ஆவிகளோட பேசுறதா சொல்ற ஒரு அம்மா, போர்ட்ஸ்மவுத்ல அந்தக் கப்பல் மாலுமியோட ஆவி வந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. செத்தவங்க வீட்டுக்கு மட்டும் ரகசியமா கடிதம் போயிருந்துச்சு, அப்படிக் கசிஞ்சிருக்கலாம். 1944ல அவங்கள 1735ம் வருஷத்து சூனியச் சட்டத்துல ஒன்பது மாசம் உள்ள போட்டாங்க. எதிர்ப் பக்கம் பாருங்க, 1941 மே மாசம் ஹிட்லரோட துணைத் தலைவர் ஹெஸ் விமானம் எடுத்துக்கிட்டு ஸ்காட்லாந்து போனதும் நாஜிகள் ஜோசியக்காரங்க தான் அவர் மனசக் கெடுத்தாங்கன்னு சொல்லி நாடு முழுக்கப் பிடிச்சு உள்ள தள்ளினாங்க. பிரிட்டனும் லூயி டி வோல்னு ஒரு ஜோசியர வேலைக்கு வச்சு எதிரிய குழப்ப ஜாதகம் எழுத வச்சுது. எவனுக்கும் கிரகம் உதவல, ஆனா எதிராளி நம்புறான்ங்கிற எண்ணம் ரெண்டு அரசாங்கத்தையும் ஆட்டி வச்சுது.

முகமூடி வீரன் ஃபேண்டமையும் இந்தக் கண்ணால பாருங்க. 1936லேர்ந்து வர்ற ஸ்ட்ரிப். 400 வருஷமா சாகாத ஆள்னு காடு முழுக்க நம்புது, நிஜத்துல அப்பாவுக்கு அப்புறம் மகன்னு 21 தலைமுறை ஒரே முகமூடி. உளவு வேலைல ஒற்றனுக்குக் கட்டிக் குடுக்கிற பொய்யான வாழ்க்கை வரலாறுக்கு லெஜண்ட்னே பேரு. ஃபேண்டமோட பழங்கதையே ஒரு ஒற்றனோட லெஜண்ட் தான். பழங்கதையும் உளவும் ஒரே பொருளால செஞ்சதுன்னு எனக்கு அப்ப தான் பிடிபட்டுச்சு.


அஞ்செழுத்து:

தாமதமா வர்றேன், மன்னிக்கணும். நான் சங்கேத வேலை சரித்திரம் படிக்கிற ஆள், மணல்கோடு ஹீரோயின் வயர்லெஸ் ஆபரேட்டர்னு பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. நீங்க மந்திரத்தையும் உளவையும் ரெண்டு பொருளா பாக்குறீங்க. பிரிட்டனோட எஸ்ஓஈ, அதாவது எதிரி பிடிச்ச நாடுகள்ல ரகசியமா நாசவேலை, உளவு பண்ற அமைப்பு, அதோட ஒற்றர்கள் ஃபிரான்ஸுக்குப் போனப்ப வச்சிருந்த சங்கேதம் என்ன தெரியுமா, மனப்பாடம் பண்ணின ஒரு கவிதை. அதுலேர்ந்து அஞ்சு சொல் எடுத்து வரிசையா எழுதணும், எழுத்துக்கெல்லாம் அகரவரிசைப்படி நம்பர் போடணும், அதுக்குக் கீழ செய்திய கட்டம் கட்டமா எழுதி, நம்பர் வரிசைல பத்தி பத்தியா பிரிச்செடுக்கணும், அப்புறம் இன்னொரு தடவை அதே மாதிரி. எந்த அஞ்சு சொல்னு செய்தியோட தொடக்கத்துல ஒரு குறிப்பு இருக்கும். ஒரு எழுத்து பிசகினா மொத்தமும் குப்பை. வாய்க்குள்ள வச்சுக்க வேண்டிய பாட்டு, காகிதத்துல இருக்கக் கூடாது, உச்சரிப்பு பிசகக் கூடாது, எதிரி கைக்குப் போனா அவனுக்கும் அதே சக்தி. இதுக்கு மந்திரம்ங்கிறத விட நல்ல பேர் இருந்தா சொல்லுங்க.

பிரபலமான கவிதையா இருந்தா எதிரியும் ஊகிச்சுடுவான், அதனால லியோ மார்க்ஸ்னு அங்க சங்கேதப் பிரிவுல இருந்தவர் தானே புதுசா கவிதை எழுதிக் குடுக்க ஆரம்பிச்சார், அப்புறம் பட்டுத் துணில ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனி சாவி அச்சடிச்சுக் குடுத்தாங்க, அனுப்பினதும் அந்தத் துண்ட வெட்டி எரிச்சுடணும், அடிச்சுக் கேட்டாலும் ஞாபகத்துல இருக்காது.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, பாதுகாப்புக் குறி. செய்தில குறிப்பிட்ட இடத்துல வேணும்னே ஒரு எழுத்த தப்பா அனுப்பணும். தப்பு இருந்தா ஆள் பத்திரம். தப்பில்லாம சுத்தமா வந்தா, மாட்டிக்கிட்டான், பக்கத்துல எதிரி நிக்கிறான். ஹாலந்துல ஒற்றர்கள் பிடிபட்டப்புறம் குறி இல்லாத செய்தி வந்துட்டே இருந்துச்சு, லண்டன்ல இருந்தவங்க ஆபரேட்டர் மறந்துட்டான்னு நினைச்சு ஆள் மேல ஆளா பாரசூட்ல இறக்கினாங்க, 50 பேருக்கு மேல நேரா ஜெர்மன்காரங்க கையில போய் இறங்கினாங்க, பெரும்பாலானவங்க உயிரோட திரும்பல. கதைல மந்திரத்துல ஒரு எழுத்து தப்பினா பிசாசு வரும்னு சொல்வோம்ல, இங்க ஒரு எழுத்து தப்பாததுனால வந்துச்சு.

நூர் இனாயத் கான் பத்தியும் சொல்லிடறேன். திப்பு சுல்தான் வழி வந்தவங்க, 1939ல இருபது ஜாதகக் கதைகள, அதாவது புத்தரோட முற்பிறவிக் கதைகள, குழந்தைங்களுக்காக ஆங்கிலத்துல எழுதி புத்தகமா போட்டாங்க, அதுல தன் உடம்பையே பாலமா நீட்டி கூட்டத்தக் காப்பாத்துற குரங்கு ராஜா கதை இருக்கும். 1943 ஜூன்ல ஃபிரான்ஸுக்கு அனுப்பின முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவங்க தான். கூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா பிடிபட்டப்பவும் திரும்ப மாட்டேன்னு பாரிஸ்லயே இருந்து இடம் மாத்தி மாத்தி அனுப்பினாங்க. அக்டோபர்ல பிடிபட்டாங்க, அனுப்பின செய்திகளோட நகல் நோட்டும் சிக்கிடுச்சு, ஜெர்மன்காரங்க அவங்க பேர்ல அனுப்ப லண்டன் நம்பி ஆள் இறக்குச்சு. 1944 செப்டம்பர் 13, டச்சாவ் முகாம்ல கொன்னுட்டாங்க. வயசு 30. பழங்கதை எழுதின கையே சங்கேதம் தட்டின கை. உங்க ஹீரோயின வரையும்போது இவங்கள அப்படியே எடுத்து வைக்க வேண்டாம், ஆனா இப்படி ஒருத்தர் இருந்தாங்கங்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு.


மின்னல்வாசகி:

அஞ்செழுத்து, படிச்சு அழுதுட்டேன். மணல்கோடு, கிண்ணத்த உடைங்க, பாட்ட எடுங்க!


மணல்கோடு:

ஒரு வாரம் கழிச்சு வர்றேன். 31லேர்ந்து 46 வரைக்கும் அழிச்சுட்டேன், பென்சில் தானேன்னு மனச தேத்திக்கிட்டேன்.

பாப்பிரஸ் சுருள் போயிடுச்சு. அந்த மந்திரம் இப்ப சீவாவுல பொம்பளைங்க ஈச்சம்பழம் பறிக்கும்போது பாடுற ஒரு பாட்டு, மொத்தப் பாட்டும் ஒருத்தருக்கும் தெரியாது, குடும்பத்துக்கு ஒரு வரி. ஹீரோயினோட பாட்டி அந்த ஊர், அதனால அவளுக்கு அஞ்சு வரி தெரியும், ரோட்டுப் பக்கம் லாரி எண்ணுறவங்களுக்கு அவ சங்கேதச் சாவியா குடுத்தது அதுதான். ஜெர்மன்காரன் மந்திரத்தத் தேடி சீவா முழுக்கத் தோண்டுறான், தினம் ராத்திரி அவன் காதுல ஹெட்போன் வழியா விழுற எழுத்துக் கூட்டத்துக்குள்ள அதே மந்திரம் தான் இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் செய்தி ஒரு தப்பு கூட இல்லாம வருது. அது தான் புது 31வது பக்கம். அவ முகம் மட்டும், வசனமே இல்ல.

ஒரு கேள்வி பாக்கி, திசைகாட்டி ப்ரோவுக்கு. ரோந்து வண்டில சூரிய திசைகாட்டி இருக்கும்ல, அது எப்படி வேலை செய்யும், எந்த நேரத்துல வேலை செய்யாது?


திசைகாட்டி:

வட்டத் தட்டு நடுவுல செங்குத்தா ஒரு ஊசி நிக்கும், ஊசியோட நிழல் தட்டுல விழும், அந்த நேரத்துக்கு நிழல் எங்க விழணும்னு அட்டவணை இருக்கும், நிழல அந்தக் கோட்டுல வச்சுக்கிட்டே வண்டி ஓட்டினா திசை தப்பாது. வண்டியோட இரும்பு காந்த ஊசியக் குழப்புற மாதிரி இத குழப்பாது. கோடைல உச்சி வெயில் நேரத்துல மட்டும் நிழல் ஊசி காலடிக்கே வந்துடும், படிக்க முடியாது. அந்த நேரம் வண்டிய நிறுத்திட்டு அடியில படுத்துடுவாங்க, சாப்பிடுவாங்க, வெயில் சாயற வரைக்கும்.


மணல்கோடு:

பகல் சாப்பாட்டு நேரம். நிழல் இல்லாத நேரம். கேம்பைசஸ் படையும் அப்ப தான் உட்கார்ந்திருந்துச்சு.

46வது பக்கம் கிடைச்சுடுச்சு ப்ரோ. ரோந்து வண்டி நிக்குது, ஊசி மட்டும் நிக்குது, நிழல் இல்ல, மணல் மேடு மெதுவா உறும ஆரம்பிக்குது, வண்டிக்கு அடியில படுத்திருக்கிற சீவா பையன் அவன் வீட்டுக்குத் தெரிஞ்ச ஆறாவது வரிய சத்தமா பாடலாமா வேண்டாமான்னு கையில இருக்கிற ரொட்டியப் பார்த்துட்டு இருக்கான். இன்னைக்கு ராத்திரியே பென்சில் எடுக்கறேன்.